குடும்பச் சூழ்நிலை காரணமாக

ஜூன் 10

இந்த டைரியை இங்க் கம்பெனி ஏஜென்ட் பொங்கலுக்குக் கொடுத்தான். இத்தனை நாள் கடை மேஜைக்கடியில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்று துடைத்து எடுத்தேன். நடப்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், ஒன்றையும் மறக்கக் கூடாது.

இன்று மிருதுளாவை அரசு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ சேர்த்துவிட்டு வந்தேன். எல்.கே.ஜி. முதல் பிளஸ் ஒன் வரை பதின்மூன்று வருஷம் படித்த இடத்தில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிளஸ் ஒன்னில் அறுநூற்றுக்கு 341 எடுத்தாள். அடுத்த வருஷம் அவர்களுடைய நூறு சதவீதத் தேர்ச்சியை இவள் கெடுத்துவிடுவாளாம்.

அந்தப் பள்ளியின் பெயரை இதில் எழுதமாட்டேன். எட்டு வருஷமாக அவர்களுக்கு எங்கள் கடையில்தான் ஃபிளெக்ஸ் பேனர். நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வேன், வீட்டுக்காரர் மெஷின் ஓட்டுவார். இருபதடி அகலத்துக்கு அந்தப் பெயரை எழுதியது போதும். தாளாளரின் பெயரும் வேண்டாம். தாளாளர் என்றாலே எனக்கு வயிறு எரிகிறது, அது போதும்.

ஜூன் 11

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு பேனர் செய்தேன். இருபதுக்குப் பத்து. இடது பக்கம் முழுக்க மிருதுளாவின் முகம். மேலே சிவப்பில், ‘வேண்டாம் என்று அனுப்பியவர்களுக்கு நன்றி’. கீழே மதிப்பெண்.

மதிப்பெண் வர இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. தெரியாத இடத்தில் எதையாவது போட்டு வைப்பது எங்கள் தொழில் வழக்கம். கல்யாணப் பேனரில் மாப்பிள்ளை போட்டோ வந்து சேரும்வரை வேறு கல்யாணத்து மாப்பிள்ளை யாராவது நின்றுகொண்டிருப்பார். நான் 587 என்று போட்டேன். போன வருஷம் அவர்களுடைய முதல் மாணவி 586. அந்தப் பேனரையும் நான்தான் செய்தேன்.

மிருதுளாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 24

நாலரைக்கு எழுப்புகிறேன். பால், நாலு பாதாம். ஆறரை வரை படிப்பு. ஏழுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன், எட்டேகாலுக்கு அங்கிருந்தே பள்ளி. டிபன் டப்பா இரண்டு, தண்ணீர் பாட்டில், குடை. சாயங்காலம் கணக்கு டியூஷன். அவள் சைக்கிளுக்குப் பின்னாலேயே என் வண்டியும் போகிறது.

இன்று சைக்கிளில் ஏறும்போது, “அம்மா, நீயும் கூடவே உள்ள வந்து உக்காந்துக்கறியா?” என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள். தெம்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 19

பெற்றோர் கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயர் வளர்மதி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

“எம் புள்ளையும் அங்கிருந்து வந்தவதானுங்க்கா. இந்தக் கிளாசுல மட்டும் பதினேழு பேரு. அத்தன பேரு வூட்லயும் அதே லெட்டரைத்தான் எழுதி வாங்கியிருக்கறாங்க. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்’. எனக்கு மனப்பாடமே ஆயிப்போச்சு. நான் எழுதுன எம் பேருல இருந்த தப்பக்கூட அந்தத் தாளாளருதான் திருத்திக் குடுத்தாரு. நீங்களும் எழுதுனீங்ளா?”

அதற்குள் தலைமையாசிரியை பேச எழுந்துவிட்டார். பதில் சொல்ல நேரமில்லை.

ஆகஸ்ட் 2

முடி கொட்டுகிறது, அவளுக்குத்தான். கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சினேன்.

ஆகஸ்ட் 12

அந்தப் பள்ளியிலிருந்து சுதந்திர தின விழாவுக்குப் பேனர் ஆர்டர். வேண்டாம் என்று சொன்னால் நாம் பயந்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அதனால்தான் வாங்கினேன்.

தாளாளர் முகத்தில் மஞ்சளை நன்றாகக் கூட்டினேன். தாடைக்குக் கீழே நிழலையும் கொஞ்சம் கூட்டினேன். காமாலை வந்து படுத்து எழுந்தவர் கொடியேற்றுவதுபோல் அமைந்துவிட்டது. வீட்டுக்காரர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

“கோதை, கலர் எங்கியோ இடிக்குது.”

“அவரு நெறமே அதானுங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு ஓரத்தை மடித்துக் கயிறு கோக்கும் ரிங் அடிக்கப் போய்விட்டார். இன்று முழுக்க எனக்கு சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் பேனரைக் கொண்டுபோய் மாட்டியபோது தாளாளர் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று போன் செய்தார்.

செப்டம்பர் 27

காலாண்டு 438. இன்னும் 149 வேண்டும்.

“அவங்க மூஞ்சில கரியப் பூசணும் கண்ணு. அத மட்டும் நெனச்சுக்கிட்டுப் படி” என்றேன்.

“நாளைக்கு பாட்டனி ரெக்கார்டு வெக்கணும்மா. மூணு படம் பாக்கி” என்றாள். படம் வரைந்துகொண்டே சாப்பிட்டாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

அக்டோபர் 15

இடம் பிடித்துவிட்டேன். அந்தப் பள்ளியின் கேட்டுக்கு நேர் எதிரே ரஹீம் பாயின் டயர் கடை. மேலே மாடிச் சுவர் வெறுமனே கிடக்கிறது. உள்ளே யார் போனாலும் வந்தாலும் கண்ணில் படாமல் தப்பிக்க முடியாது. மே மாதம் ஒரு வாரத்துக்குத் தர வேண்டும் என்று கேட்டேன்.

“தாராளமா கட்டிக்குங்க. யாருக்கும்மா பொறந்தநாளு?”

“பொறந்தநாளு இல்லீங்க பாய். ஒருத்தருக்குக் கருமாதி.”

பாய் எதிரே இருந்த கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீ சொன்னார்.

நவம்பர் 8

மழை. யூனிஃபார்ம் காயவில்லை. மெஷின் ரூமில் இங்க் காய வைக்கும் ஃபேனுக்கு முன்னால் தொங்கவிட்டேன். பள்ளியில் எல்லோரும் அவளிடம் பெயின்ட் வாசம் அடிக்கிறது என்றார்களாம்.

நவம்பர் 21

மூன்று நாள் முன்பு வளர்மதியை மளிகைக் கடையில் பார்த்தேன். “உங்க மிருதுளா மத்தியானச் சோத்து நேரத்துல புள்ளைங்களுக்கு பயாலஜி சொல்லித் தர்றாளாமாங்க்கா. எம் புள்ள மொதத் தடவையா அம்பதத் தாண்டியிருக்கறா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். நான் நாலரைக்கு எழுந்து பாதாம் உரிப்பது ஊருக்கு டியூஷன் எடுக்கவா? அவளுக்கு இருக்கும் நேரமே அந்த முக்கால் மணிதான்.

“சொல்லிக் குடுக்கறப்பதாம்மா எனக்கே புரியுது” என்றாள். அப்புறம் மூன்று நாளாக, அம்மா டப்பா எங்கே, அம்மா சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

டிசம்பர் 23

அரையாண்டு 497. பயாலஜியில் 96. இன்னும் 90.

ஜனவரி 4

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது, இந்த வருஷம் புதிது யாரும் தரவில்லை. முன்பக்கங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன, கிழமையை அடித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். யாராவது இதைத் திறந்தால் கடைசியில் நடந்ததை முதலில் படிப்பார்கள். படிக்கட்டும்.

இன்று நடந்தது என் தப்புதான். பொங்கல் வாழ்த்துப் பேனர்கள் அறுபதுக்கு மேல் குவிந்துவிட்டன. முடித்த ஃபைல்களை ‘பிரிண்ட்’ என்ற ஃபோல்டரில் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர் மேலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போவார். படிக்கமாட்டார், கோடு விழுகிறதா என்று மட்டும் பார்ப்பார். மொத்தமாக இழுத்துப் போடும்போது ஜூன் மாதத்து ஃபைலும் சேர்ந்து போய்விட்டது.

பதினொரு மணிக்கு மிருதுளா அப்பாவுக்கு டிபன் கொண்டுவந்தாள். அப்போது மெஷினில் அவள் நெற்றி வந்துகொண்டிருந்தது. அடுத்து புருவம், கண்கள். ஒரு முழு முகம் வர இருபது நிமிஷம் ஆகும். அவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே பார்த்தாள். நான் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தபோது மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

“ஐந்நூத்தி எம்பத்தேழு யாரும்மா?”

“சும்மா போட்டு வெச்சது கண்ணு. அப்பறம் மாத்திக்கலாம்.”

“எப்பச் செஞ்ச?”

“ஜூன்ல.”

“நான் புஸ்தகம் வாங்கறதுக்கு முன்னாலயே.” அவள் குரல் உயரவேயில்லை. “இதுல எனக்குன்னு ஒரு வார்த்தை இருக்குதா? எல்லாம் அவருக்கு எழுதுனது. எம் மூஞ்சிய மட்டும் வாங்கிக்கிட்ட.”

“உனக்காகத்தான் சாமி இதெல்லாம். அந்தாளு உன்னை அன்னைக்கு…”

“அவரை விடு. எனக்கு டைஃபாய்டு வந்தத நீ ஏம்மா அவருகிட்டச் சொல்லல?”

வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் மை தெளிக்கும் ஹெட்டில் இங்க் காய்ந்துவிடும், ஒருநாளும் நிறுத்தமாட்டார்.

எழுதிவிடுகிறேன். ஏழு மாதமாக இந்த டைரியில் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன்.

போன ஜனவரி கடைசியில் மிருதுளாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. இருபத்திரண்டு நாள். எழுந்து நடக்கவே மார்ச் ஆகிவிட்டது. அப்படித்தான் பரீட்சை எழுதினாள். மே மாதம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். இரண்டு பேரும் போனோம். எனக்கு நாற்காலி போட்டார்கள், இவள் நின்றாள். காபி வந்தது. கடைக்கு அவர்தான் பெரிய வாடிக்கை. அவருடைய மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் பேனர் வேலை தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். வெள்ளைத் தாள் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், எவ்வித வற்புறுத்தலும் இன்றி’. உங்கள் கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கிறதே அம்மா என்றார். நான் சிரித்தேன்.

மிருதுளா, “அம்மா, அந்தக் காச்சல்” என்று ஆரம்பித்தாள். “பேசாம இரு” என்றேன் நான். “நாங்களும் எல்லாம் செஞ்சுதானுங்க பாக்கறோம் சார், இவளுக்கு ஏற மாட்டேங்குது” என்றேன்.

மற்ற இரண்டு பள்ளி வேலையும் வந்தது. இப்போதும் வந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 5

அந்த ஃபிளெக்ஸை அவள் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். திருப்பிப் போட்டு அவள் அறைச் சுவர் முழுக்கக் கட்டியிருக்கிறாள். முகம் சுவர்ப் பக்கம். வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் கெமிஸ்ட்ரி சமன்பாடுகள்.

கடையிலிருந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. 587ஐ மட்டும் அழித்தேன்.

ஜனவரி 30

நாலரைக்கு எழுப்பப் போனேன். அவளே எழுந்து உட்கார்ந்திருந்தாள். பால் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். இனி பின்னால் வண்டியில் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இன்று தெருமுனை வரை மட்டும் போனேன்.

பிப்ரவரி 12

செய்முறைத் தேர்வு முடிந்தது. வெள்ளைக் கோட்டில் ஊதாக் கறை. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

மார்ச் 3

தமிழ். நன்றாக எழுதினாளாம்.

மார்ச் 14

பயாலஜி. கேட்டேன். “பாக்கலாம்” என்றாள். பதினேழு பேரும் மரத்தடியில் நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவள்.

மார்ச் 22

கடைசிப் பரீட்சை முடிந்து வந்தவள் இரண்டு நாள் தூங்கினாள். நடுவில் எழுந்து தயிர்சோறு கேட்டாள். ஒன்பது மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு. இவ்வளவு நாள் அவள் வயிற்றுக்குள் போட்டதெல்லாம் என் கோபத்துக்குத் தீனி என்று தோன்றியது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. தாளாளரை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது, அவர் கொடுத்த காபியை நினைத்தால் இன்னும் அதிகம்.

மே 8

ஒன்பது மணிக்கு ரிசல்ட். 559. பயாலஜி நூற்றுக்கு நூறு. வகுப்பில் அந்தப் பதினேழு பேரும் பாஸ்.

வீட்டுக்காரர் அழுதுவிட்டு, மெஷின் சூடு என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிருதுளா வளர்மதி மகளுக்குப் போன் செய்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குக் கடை வாசலில் கார் வந்து நின்றது. தாளாளர், கையில் லட்டு டப்பா. நான் எழுந்து, “வாங்க சார்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதையும் எழுதி வைக்கிறேன்.

இந்த வருஷம் அவர்களுக்கு பயாலஜியில் ஒரு சென்டம்கூட இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். காலையிலேயே பேனருக்கு விவரம் அனுப்பிவிட்டார்கள். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

“அம்மிணி, பதிமூணு வருஷம் நம்ம ஸ்கூல் புள்ள நீ. அஸ்திவாரம் நாம போட்டது. நம்ம பேனர்ல உன் போட்டோ வராம இருக்கலாமா?”

 ஒரு வருஷமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மிருதுளா நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள்.

“போட்டுக்கலாமுங்க சார். ஆனா உங்க ஆபீஸ் ஃபைல்ல எங்கம்மா எழுதுன லெட்டரு இருக்குதுங்களே. நாங்களா விருப்பப்பட்டுத்தான் போறோம்னு. நாளைக்கு யாராவது அதத் தூக்கிக் காட்டுனா, ‘எங்கள் மாணவி’ன்னு நீங்க போட்டது சங்கடமா ஆயிருமுங்களே சார்.”

தாளாளர் யோசித்தார். “அட, வெவரமான புள்ள” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆபீசுக்குப் போன் போட்டார். அரை மணியில் அட்டெண்டர் கவரோடு வந்தார். தாளாளரே பிரித்துப் பார்த்து அவள் கையில் கொடுத்தார். கிழித்துப் போட்டுடு கண்ணு என்றார். பேனர் நாளை காலைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிருதுளா கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஸ்கேனர் மூடியைத் திறந்து வைத்தாள்.

“இதப் பெருசா அடிம்மா. இருபதுக்குப் பத்து. அடியில என் மார்க்கு மட்டும் போடு. பேரு வேண்டாம், போட்டோ வேண்டாம். நீ பாத்து வெச்ச எடத்துலயே கட்டிரலாம்.”

“இதுல என் கையெழுத்து இருக்குது கண்ணு.”

“ஆமா” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வருஷம் முழுக்க அவளுக்கு ஊட்டப் பார்த்த வஞ்சம் அவளிடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. என்னுடையதைவிட நிதானமாக, எனக்கும் சேர்த்து.

மே 9

காலையில் நான் மட்டும் கடைக்கு வந்தேன். கடிதத்தைத் திரையில் பெரிதாக்கினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண். அழகான கையெழுத்துதான். கடைசியில் ம. பூங்கோதை, தேதியோடு.

இதை மட்டும் கட்டினால் ஊருக்குப் புரியுமா என்று முதலில் சந்தேகம் வந்தது. அப்புறம் வளர்மதி ஞாபகத்துக்கு வந்தாள். இந்த வரிகளை எழுதிக் கொடுத்த வீடுகள் ஊரில் எத்தனை இருக்கும்? யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைப் போட்டேன். 559. அதற்கு மேல் கடிதத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இரண்டடி இடம் மிச்சமிருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, யாரும் சொல்லாமல் நானாக இரண்டு வரி எழுதினேன். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அந்த இடத்தில் வைத்தேன்.

வீட்டுக்காரர் வந்து திரையைப் பார்த்தார். இந்த முறை படித்தார். முழுவதும் படித்தார்.

“மூணு ஸ்கூல் வேலையும் போயிரும் கோதை.”

“போயிருமுங்க.”

ரிங் டப்பாவை எடுத்தார். “அப்ப ரிங்கை ஒரு அடிக்கு ஒண்ணா நெருக்கி அடிச்சரலாம். மே மாசக் காத்து, கிழிச்சுப்போடும்” என்றார்.

தாளாளரின் பேனரை அடிக்கவில்லை. அவர்கள் ஆபீசிலிருந்து பதினான்கு போன் வந்தது. எடுக்கவில்லை.

மே 10

ஏழு மணிக்கு ரஹீம் பாய் ஏணியைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரர் கட்டினார். எட்டரைக்கு அட்மிஷனுக்காக அந்தக் கேட்டில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் நாலு பேர் நின்று படித்தார்கள். அப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் நின்றார்கள். நீல லுங்கி கட்டிய ஒருவர், நான் அவரை அறியேன், தலையைத் தூக்காமலே, மனப்பாடமாக, ‘எவ்வித வற்புறுத்தலும் இன்றி’ என்று வாய்க்குள் சொன்னார். வளர்மதி வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். மகளையும் இன்னும் சில தாய்மார்களையும் கூட்டி வந்திருந்தாள். கையில் புள்ளைகளின் மார்க் எழுதிய தாள்கள். பாயிடம் பசை கேட்டு வாங்கி, பேனருக்குக் கீழே சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். அட்மிஷன் விண்ணப்பம் கையில் வைத்திருந்த ஒரு தகப்பனார் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

ஒன்பதேகாலுக்குத் தாளாளரின் கார் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றது. கண்ணாடி இறங்கியது. எவ்வளவு நேரம் படித்தார் என்று நான் எண்ணினேன். நாற்பது வரை எண்ணினேன். கண்ணாடி ஏறியது. கார் உள்ளே போகாமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அந்த நாற்பது எண்ணிக்கையை என் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன்.

மிருதுளா பத்து மணிக்குத்தான் சைக்கிளில் வந்தாள். நான் எழுதிச் சேர்த்தது அவளுக்குத் தெரியாது. அண்ணாந்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கடிதம் முடிந்த இடத்துக்குக் கீழே நின்றுவிட்டாள்.

‘இதை எழுதியபோது என் மகள் டைஃபாய்டில் கிடந்து எழுந்தவள். தெரிந்தும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தேன். ம. பூங்கோதை.’

எல்லோரும் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நகரவில்லை. அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இன்னொரு முறை மேலிருந்து படித்தாள்.

“உன் கையெழுத்து நல்லாத்தாம்மா இருக்குது” என்றாள்.